இருபது பாட்டு, 7,700 கோடி ஆண்டு

எல்.ஆர். ஈஸ்வரி பாடியவற்றில் உங்களுக்குப் பிடித்த இருபது பாட்டை ஒரு தாளில் எழுதி, முதலிடம் தொடங்கி இருபதாம் இடம் வரை அடுக்கச் சொன்னால் எத்தனை விதமாக அடுக்கலாம்? முதலிடத்துக்கு இருபது பாட்டும் போட்டி போடும். ஒன்று உட்கார்ந்துவிட்டால் இரண்டாம் இடத்துக்குப் பத்தொன்பது, அடுத்ததற்குப் பதினெட்டு. இப்படியே பெருக்கிக்கொண்டு போனால் வரும் எண் 2,432,902,008,176,640,000. நொடிக்கு ஒரு வரிசை வீதம் இரவு பகல் தூங்காமல் எழுதினாலும் முடிக்க ஏறக்குறைய 7,700 கோடி ஆண்டு பிடிக்கும். பேரண்டத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுதான்.

சிம்பாங் பூலாயில் எனக்குப் பழக்கமான லோரிக்கார அண்ணன் ஒருவர் இந்த வேலையை ஒட்டுக்கடையில் தே தாரிக் ஆறுவதற்குள் முடித்துவிடுவார். முடித்ததோடு நிற்கவும் மாட்டார், பட்டியலைக் காப்பாற்றச் சண்டைக்கும் வருவார். "தம்பி, பத்தாவது பதினஞ்சாவது எல்லாம் உன் இஷ்டத்துக்கு மாத்திக்க. முதல் இடத்துல மட்டும் கை வைக்காத" என்பது அவர் சட்டம். நூறு ஆண்டுகளாக உளவியலாளர்களும் கணிதக்காரர்களும் இந்தச் சட்டத்தைச் சுற்றித்தான் வந்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது.

ஊரைத் தெரியாதவர்களுக்கு: ஈப்போவுக்குத் தெற்கே, கோப்பெங் போகும் வழியில், கேமரன் மலைக்கு ஏறும் சாலை பிரியும் இடம்தான் சிம்பாங் பூலாய். கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகள் தரையிலிருந்து திடீரென்று செங்குத்தாக எழுந்து நிற்கும். கல்லுடைப்பும் பளிங்குக்கல் வெட்டும் இங்கே பழைய தொழில். பூமிக்குள் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து மறுபடி படிகமான சுண்ணாம்புக் கல்தான் பளிங்கு. அண்ணன் ஏற்றிப் போவதும் அதைத்தான். அவருடைய பட்டியலில் முதலிடம் 'வல்லவன் ஒருவன்' (1966) படத்தில் வேதா இசையமைத்த பளிங்கு மாளிகைப் பாட்டுக்கு. தொழில் பாசமா என்று கேட்டால் முறைப்பார்.

ஈஸ்வரியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை, ஆனால் அவருடைய வீச்சு எவ்வளவு அகலமானது என்பதை நினைவூட்டினால்தான் இந்த வரிசைப்படுத்தல் ஏன் கடினம் என்று புரியும். 1939 டிசம்பரில் பிறந்தவர். இயற்பெயர் லூர்து மேரி ராஜேஸ்வரி. அம்மா சினிமாவில் கோரஸ் பாடியவர், மகளும் அந்த வழியாகத்தான் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் வந்தார். பதினெட்டு வயது வாக்கில், கே.வி. மகாதேவன் இசையில் 'நல்ல இடத்து சம்பந்தம்' (1958) படத்தில் தனிப்பாட்டு கிடைத்தது. 'பாசமலர்' (1961) படத்தின் கல்யாணப் பாட்டு அவரை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. மலேசியத் தமிழர் கல்யாண மண்டபங்களில் அது இன்னும் ஓய்வு பெறவில்லை. அதன் பிறகு ஒரு பக்கம் 'கறுப்புப் பணம்' (1964), 'சிவந்த மண்' (1969) போன்ற படங்களின் நடனப் பாட்டுகள். இன்னொரு பக்கம் 'பணமா பாசமா' (1968) படத்தின் இலந்தைப்பழக்காரி. 'வெள்ளி விழா' (1972) படத்தில் வி. குமார் இசையில் கிசுகிசுப்பாக ஒரு தாலாட்டு. 'அவள் ஒரு தொடர்கதை' (1974) படத்தில் வாழ்க்கையை எள்ளி நகையாடும் ஒரு பாட்டு. சினிமா வாய்ப்பு குறைந்த காலத்தில் அம்மன் பாட்டுகள். எழுபது வயதைத் தாண்டி 'ஒஸ்தி' (2011) படத்தில் தமன் இசையில் மறுபடி ஓர் ஆட்டப் பாட்டு. இத்தனையும் ஒரே தொண்டை.

இந்த இருபதை மூளை எப்படி அடுக்குகிறது? நிச்சயமாக எல்லா வரிசைகளையும் எழுதிப் பார்த்து அல்ல. இரண்டிரண்டாக ஒப்பிட்டால் மொத்தம் 190 ஜோடிகள். எல்லா ஜோடியையும்கூடக் கேட்க வேண்டாம். இதைவிட அது மேல், அதைவிட இன்னொன்று மேல் என்று தெரிந்துவிட்டால் மூன்றாவது கேள்வி தானாக விடை பெற்றுவிடும். குறைந்தபட்சம் எத்தனை கேள்வி தேவை என்று கணினி அறிவியலில் ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு ஒப்பீடும் மிச்சமிருக்கும் சாத்தியங்களைப் பாதியாக வெட்டும் என்று வைத்துக்கொண்டால், மேலே சொன்ன அந்த ராட்சத எண்ணை ஒன்றாகக் குறைக்க 62 வெட்டு போதும். பேரண்டத்தின் வயதுக்குள் எண்ணி முடிக்க முடியாத குவியலிலிருந்து ஒரே ஒரு வரிசையைப் பிடித்து எடுக்க 62 கேள்வி! ஒட்டுக்கடையில் அண்ணன் அவ்வளவுகூடச் செய்வதில்லை. முதல் மூன்றைப் பிடிப்பார், கடைசி நாலைத் தள்ளுவார், நடுவை அள்ளிப் போட்டு மூடிவிடுவார்.

1927-இல் லூயிஸ் தர்ஸ்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் இதற்கு ஒரு கணித வடிவம் கொடுத்தார். ஒரு பொருள்மேல் நமக்குள்ள பிடிப்பு நிலையான ஒரு புள்ளியில் இருப்பதில்லை, ஒவ்வொரு முறை கேட்கும்போதும் ஒரு நடுப்புள்ளியைச் சுற்றி ஆடுகிறது என்றார் அவர். நேற்று மழையில் லோரி ஓட்டும்போது கேட்டது கொஞ்சம் மேலே, இன்று தலைவலியோடு கேட்டது கொஞ்சம் கீழே. இரண்டு பாட்டின் நடுப்புள்ளிகளும் தூரத்தில் இருந்தால் எவ்வளவு ஆடினாலும் ஒன்றையொன்று தாண்டாது, வரிசை மாறாது. நெருக்கமாக இருந்தால் திங்களன்று ஒன்று மேலே, செவ்வாயன்று மற்றது மேலே.

இதிலிருந்து சுவையான ஒரு முடிவு கிடைக்கிறது. ஒரு ரசிகனுக்குத் தெரிந்த ஈஸ்வரி பாட்டு எல்லாவற்றையும், சில நூறாவது இருக்குமே, பிடிப்பின் அளவுப்படி ஒரு கோட்டில் நிறுத்துங்கள். பெரும்பாலானவை 'பரவாயில்லை' என்ற நடுப்பகுதியில் முண்டியடித்து நிற்கும். உச்சியை நோக்கிப் போகப்போகக் கூட்டம் கலையும். உச்சியில் ஒன்றிரண்டுதான் தனியாக நிற்கும். எனவே முதலுக்கும் இரண்டுக்கும் உள்ள இடைவெளி பெரிது. பதினேழுக்கும் பதினெட்டுக்கும் இடையே இருப்பது வெறும் காற்று. இருபதாம் இடத்தில் நுழைந்ததும், மயிரிழையில் தவறி இருபத்தொன்றாகி வெளியே நின்றதும் ஏறக்குறைய ஒரே தரம். பட்டியல் போடுகிறவர்கள் அதிகம் மன்னிப்புக் கேட்பது விட்டுப்போன பாட்டுகளுக்காக என்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்தச் சங்கடத்துக்குக் கணிதத்தில் காரணம் இருக்கிறது.

அப்படியானால் உச்சியில் நிற்கும் அந்த ஒன்றிரண்டை அங்கே ஏற்றியது எது? முதலில் குரல். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பெண்ணின் குரல் நாண்கள் ஒரு சென்டிமீட்டர் முதல் ஒன்றரை சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு சிறிய தசை மடிப்புகள். நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றைப் பிரிக்கும், அவை மறுபடி வந்து மோதிக்கொள்ளும். பாடகி 400 ஹெர்ட்ஸில் ஒரு சுரத்தைப் பிடித்தால் நொடிக்கு 400 மோதல். நாலு நிமிடப் பாட்டில் இரண்டு நிமிடம் பாடுகிறார் என்று வைத்தால் 48,000 மோதல். ஒலிப்பதிவுக்கு முன் ஒத்திகை, சொதப்பினால் மறுபடி என்று ஒரு நாளில் அது சில லட்சத்தைத் தொடும். இப்படி அரை நூற்றாண்டு உழைத்த நாண்கள், எழுபதைத் தாண்டியும் ஓர் ஆட்டப் பாட்டைத் தூக்கி நிறுத்தின.

அந்த மோதல் 400 ஹெர்ட்ஸ் என்ற ஒரே ஒலியை மட்டும் எழுப்பாது. கூடவே 800, 1,200, 1,600 என்று அதன் மடங்குகளையும் எழுப்பும். இவற்றில் எதை வளர்ப்பது, எதை அமுக்குவது என்று தொண்டையும் வாயும் தீர்மானிக்கும். நாண்கள் இறுக்கமாக, சட்டென்று மூடிக்கொண்டால் மேல் மடங்குகளுக்கு வலு கூடும். குரல் கூர்மையாகும், பளிச்சென்று அடிக்கும். மெதுவாக, முழுக்க மூடாமல் விட்டால் காற்று கசியும். கீழ் மடங்கு மட்டும் வலுவாக நின்று மேலே மூச்சுக்காற்றின் சரசரப்பு படரும். அம்மன் பாட்டு ஈஸ்வரி முதல் வகை. 'வெள்ளி விழா' ஈஸ்வரி இரண்டாம் வகை. ஒரே ஆள் இரண்டையும் தேவைக்கேற்ப வரவழைக்கிறார் என்பதுதான் அதிசயம். பலருக்கு ஒன்றுதான் வாய்க்கும்.

இரண்டாம் வகைக் குரலை மைக் பிறப்பதற்கு முன் மேடையில் யாரும் பாடியிருக்க முடியாது, மூன்றாவது வரிசைக்கே கேட்டிருக்காது. வாய்க்கு அருகில் வைத்த மைக் மூச்சையும் பிடித்துக்கொள்ளும். காதுக்குப் பக்கத்தில் வந்து பேசுகிறவரின் குரலில் மட்டுமே நாம் கேட்டுப் பழகிய அந்த மூச்சை ரேடியோ திருப்பித் தரும்போது, பாடுகிறவர் ஓரடி தூரத்தில் இருப்பதாக மூளை எடுத்துக்கொள்கிறது. 1972-இல் தோட்டத்து லயத்தில் ஓர் அலமாரிமேல் இருந்த சின்ன ரேடியோவிலிருந்து அது வந்தபோது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு ரேடியோவும் அதே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்திருக்கும்.

முதல் வகைக் குரலின் கதை வேறு. மனிதக் காதின் துளை ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள குழாய், ஒரு முனை செவிப்பறையால் மூடியது. ஒரு முனை மூடிய குழாய், தன் நீளத்தைப் போல் நாலு மடங்கு அலைநீளமுள்ள ஒலியைப் பெருக்கும். நாலு மடங்கென்றால் பத்து சென்டிமீட்டர். காற்றில் அது ஏறக்குறைய 3,400 ஹெர்ட்ஸ். ஆகவே இரண்டாயிரத்துக்கும் ஐயாயிரத்துக்கும் இடைப்பட்ட ஒலி நம் காதுக்கு இலவசச் சலுகையோடு கிடைக்கிறது. கூர்மையான குரலின் மேல் மடங்குகள் விழுவது சரியாக அந்த இடத்தில்தான். ஸ்டாக்ஹோமில் யோஹான் சுண்ட்பெரி 1970களில் ஓபரா பாடகர்களை ஆராய்ந்தபோது, பெரிய வாத்தியக் குழுவின் ஆற்றல் 500 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் குவிந்திருக்கிறது, பயிற்சி பெற்ற ஆண் குரலோ 3,000 அருகே ஒரு மேட்டை எழுப்பிக்கொண்டு அதைத் தாண்டி வருகிறது என்று கண்டார். உடுக்கையும் பம்பையும் உருமியும் முழங்கும்போது அவற்றின் பலம் பெரும்பாலும் கீழே இருக்கும். மேலே பாதை காலியாகக் கிடக்கும். ஈஸ்வரி அந்தப் பாதையில் நடந்து வருகிறார்.

ஆடி மாதத்தில் எங்கள் பக்கத்துத் தோட்டக் கோயில்களில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கிக்கும் இதில் பங்கு உண்டு. அந்தக் குழாய்க்கு 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாகச் சத்தம் எழுப்ப வராது. மேலேயும் ஐந்தாறு ஆயிரத்தில் மூச்சு நின்றுவிடும். பழைய மத்திய அலை ரேடியோவும் ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸோடு சரி. இந்தக் குறுகிய சன்னல் வழியாக முழுசாக நுழைந்து வரும் குரல் ஈஸ்வரியுடையது. பாடகர் டி.எம். சௌந்தரராஜன் 150 ஹெர்ட்ஸில் பிடிக்கும் சுரத்தின் அடிப்படை ஒலி குழாயில் வரவே வராது. ஆனாலும் அதை நாம் கேட்கிறோம். 300, 450, 600 என்று வரும் மடங்குகளுக்கு இடையே சீராக 150 இடைவெளி இருப்பதைப் பார்த்து, விட்டுப்போன அடியை மூளையே கணக்குப் போட்டு நிரப்பிவிடுகிறது. அந்தக் காலத் தொலைபேசியில் அப்பாவின் கனத்த குரலை நாம் அடையாளம் கண்டதும் இந்தக் கணக்கால்தான்.

குன்றுகளும் சும்மா இருப்பதில்லை. பளிங்கும் சுண்ணாம்புக் கல்லும் தங்கள்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கைத்தான் விழுங்கும், மிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். நம் வெயிலுக்கு ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் ஓடும். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நீங்கள் நிற்க, குன்றின் சுவர் 175 மீட்டர் தள்ளி இருந்தால், அம்மன் பாட்டு ஒரு நொடி தாமதமாக இரண்டாம் முறை வரும். ஈஸ்வரிக்கு ஈஸ்வரியே கோரஸ்.

குரல் ஒரு பங்கு என்றால் கேட்ட வயது இன்னொரு பங்கு. 1989-இல் ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்ற இருவர் பல வயதினரிடம் பல காலத்துப் பாட்டுகளைப் போட்டுக் காட்டி மதிப்பெண் கேட்டார்கள். தங்களுக்கு இருபத்துமூன்று, இருபத்துநாலு வயதாக இருந்தபோது பிரபலமாயிருந்த பாட்டுகளுக்குத்தான் மக்கள் அதிக மதிப்பெண் கொடுத்தார்கள். பத்து வயதிலிருந்து முப்பது வரையுள்ள காலத்தின் நினைவுகள் முதுமையிலும் மற்றவற்றைவிடத் தெளிவாக நிற்பதை உளவியலில் 'நினைவு மேடு' என்று சொல்லலாம். முதல் வேலை, முதல் சைக்கிள், முதல் காதல் எல்லாம் அந்தப் பருவத்தில் நடப்பதால் அவற்றோடு ஒட்டிக்கொண்ட பாட்டும் கூடவே தங்கிவிடுகிறது.

ஆனால் அண்ணன் அறுபதில் பிறந்தவர். பளிங்கு மாளிகைப் பாட்டு வந்தபோது அவருக்கு ஆறு வயது. அவருடைய மகளோ தொண்ணூறுகளில் பிறந்தவர், அவர் பட்டியலிலும் அந்தப் பாட்டு முதல் ஐந்துக்குள் இருக்கிறது. நினைவு மேடு இதற்கு என்ன சொல்லும்? கார்னெல் பல்கலைக்கழகத்தில் கேரல் கிரம்ஹான்ஸலும் ஜஸ்டின் சுப்னிக்கும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் கைகொடுக்கிறது. இருபது வயது இளைஞர்களிடம் பழைய பாட்டுகளைப் போட்டபோது, தங்கள் காலத்துப் பாட்டோடு கூட, தங்கள் பெற்றோர் இளமையில் கேட்ட காலத்துப் பாட்டிலும் ஒரு மேடு தெரிந்தது. 1960களின் பாட்டில் இன்னொன்று, அது தாத்தா பாட்டி வழியாக வந்திருக்கலாம் என்றார்கள். வீட்டில் பெரியவர்கள் போட்டுக் கேட்டது பிள்ளைகளின் நினைவிலும் இறங்கிவிடுகிறது. பால்மரம் வெட்டிவிட்டு வந்த அப்பா கேட்டதை மகன் கேட்டார். தோட்டம் போய்த் தாமான் வந்த பிறகு, லோரியில் அவர் கேட்டதை மகள் கேட்டார். இடையில் வானொலி ரேடியோ ஆறிலிருந்து மின்னல் எஃப்.எம். ஆனது, ஒலிநாடா குறுந்தட்டாகி, பிறகு கைப்பேசிக்குள் போனது. பாட்டு மாறவில்லை.

திரும்பத் திரும்பக் கேட்பதே பிடிப்பை வளர்க்கும் என்று ராபர்ட் சையன்ஸ் 1968-இல் காட்டினார். அர்த்தமில்லாத சொற்களும், தெரியாத முகங்களும்கூட அடிக்கடி கண்ணில் பட்டாலே பிடித்துப்போகின்றன. அதற்கும் ஓர் எல்லை உண்டு, அளவு தாண்டினால் சலிக்கும். அம்மன் பாட்டுகள் ஏன் சலிப்பதில்லை என்பதற்கு என் ஊகம்: அவை ஆடியில் வந்துவிட்டு மறைந்துவிடுகின்றன. மறுபடி பசி எடுக்க இடைவெளி கிடைக்கிறது. கோயில் கமிட்டிக்காரர்கள் உளவியல் படிக்காமலே செய்த நல்ல காரியம் இது. (விடிகாலை ஐந்து மணிக்குப் போடுவதை மட்டும் நிறுத்தலாம்.)

கேட்டுக் கேட்டுத் தெரிந்த பாட்டில் புல்லரிப்பது எப்படி? 2011-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வலோரி சலிம்பூர், ராபர்ட் சட்டோரே குழுவினர், கேட்டால் சிலிர்க்கும் பாட்டுகளைக் கேட்பவர்களையே கொண்டுவரச் சொல்லி, அவர்கள் மூளையை ஸ்கேன் செய்தார்கள். சிலிர்க்கும் கணத்தில் மூளையின் அடியாழத்தில் டோபமைன் சுரந்தது, நல்ல சாப்பாட்டுக்குச் சுரக்கும் அதே டோபமைன். அதைவிட வியப்பு, அந்தக் கணத்துக்குச் சில நொடிகள் முன்பே, அருகிலுள்ள வேறொரு பகுதியில் அது சுரக்கத் தொடங்கியிருந்தது. வரப்போகிறது, வரப்போகிறது என்ற காத்திருப்புக்கே ஒரு கூலி. 'சிவந்த மண்' படத்தின் சாட்டைப் பாட்டைத் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். அடி விழும் இடமும் ஈஸ்வரி துடிக்கும் இடமும் மனப்பாடம். தெரிந்ததால்தான் உடல் முன்கூட்டியே இறுகுகிறது. எல்லாருக்கும் இந்தப் பாக்கியம் இல்லை. மற்ற இன்பங்களை எல்லாம் சாதாரணமாக அனுபவித்து, இசையில் மட்டும் எதுவும் உணராதவர்கள் நூற்றில் சிலர் இருக்கிறார்கள் என்று சட்டோரேயும் ஸ்பானிய ஆய்வாளர்களும் 2014-இல் காட்டினார்கள். அவர்களிடம் பட்டியல் கேட்டுத் தொல்லை செய்யாதீர்கள்.

இனி ஓர் எச்சரிக்கை. அண்ணனிடம் ஏன் அதற்கு முதலிடம் என்று நோண்டக் கூடாது. கூச்சத்துக்காகச் சொல்லவில்லை. 1991-இல் டிமதி வில்சனும் ஜொனதன் ஸ்கூலரும் மாணவர்களிடம் ஸ்ட்ராபெரி ஜாம் வகைகளைக் கொடுத்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். சும்மா ருசித்துப் போட்டவர்களின் மதிப்பெண் தேர்ந்த ருசிக்காரர்களின் மதிப்பெண்ணோடு ஓரளவு ஒத்துப்போனது. ஏன் பிடித்தது, ஏன் பிடிக்கவில்லை என்று காரணம் எழுதவைத்த பிறகு போட்டவர்களுடையது விலகிப்போனது. வாயில் வரும் காரணம் நாக்குக்குத் தெரிந்த காரணமாக இருக்க வேண்டியதில்லை. சொல்ல எளிதான காரணம் முந்திக்கொண்டு வந்து தேர்வையே திசைதிருப்பிவிடும். இசை விமர்சகர்களின் பட்டியல்களில் அடிக்கடி ஒரு செயற்கை வாடை அடிப்பது இதனால்தானோ என்னவோ. ராகத்தைச் சொல்லலாம், தாளத்தைச் சொல்லலாம். பத்து வயதில் மழை பெய்த ஒரு மதியத்தைக் கட்டுரையில் சொன்னால் யார் மதிப்பார்கள்?

ஒருவரின் பட்டியல் இப்படி என்றால் ஊரின் பட்டியல்? 2006-இல் மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் பதினாலாயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். பேர் தெரியாத குழுக்களின் 48 பாட்டுகள். கேட்க வந்தவர்களில் ஒரு பகுதியினர் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று தெரியாமல் தேர்ந்தெடுத்தார்கள். மற்றவர்களைத் தனித்தனியான எட்டு உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்று காட்டினார்கள். எட்டு உலகமும் ஒரே புள்ளியில் தொடங்கி எட்டுத் திசையில் போயின. தனியாகக் கேட்டவர்களிடம் 26-ஆவதாக வந்த ஒரு பாட்டு, ஓர் உலகத்தில் முதலிடம் பிடித்தது, இன்னொன்றில் 40-ஆம் இடத்துக்கு விழுந்தது. ஆனால் மிக நல்லவை படுமோசமாகத் தோற்றது அரிது, மிக மட்டமானவை வென்றதும் அரிது. நடுவில் இருந்தவற்றுக்கு எதுவும் நடக்கலாம். அண்ணனின் சட்டத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

குடும்பத்தோடு சேர்ந்து பட்டியல் போட நினைப்பவர்களுக்கு இன்னொரு பொறி காத்திருக்கிறது. அப்பாவின் வரிசை: பளிங்கு மாளிகை, 'வெள்ளி விழா' தாலாட்டு, சாட்டைப் பாட்டு. அம்மாவுக்குத் தாலாட்டு முதலில், அடுத்து சாட்டை, கடைசியில் பளிங்கு. மகனுக்குச் சாட்டை, பளிங்கு, தாலாட்டு. இப்போது இரண்டிரண்டாக வாக்கெடுங்கள். பளிங்கா தாலாட்டா? அப்பாவும் மகனும் பளிங்கு. தாலாட்டா சாட்டையா? அப்பாவும் அம்மாவும் தாலாட்டு. அப்படியென்றால் பளிங்கு சாட்டையை ஊதித் தள்ள வேண்டும். கேட்டுப் பாருங்கள், அம்மாவும் மகனும் சாட்டை என்பார்கள்! மூன்று பேரும் தெளிவான மனசோடு இருந்தும் வீட்டுக்கு மட்டும் தெளிவு இல்லை. பிரெஞ்சுப் புரட்சிக்கு நாலு ஆண்டு முன்பு, 1785-இல், கோன்டார்சே என்ற கணித மேதை இந்தச் சுழலைக் கண்டுபிடித்து எழுதினார். 1951-இல் கென்னத் ஆரோ ஒரு படி மேலே போனார். மூன்று அல்லது அதற்கு மேற்பட்டவை போட்டியில் இருந்தால், நியாயமான சில நிபந்தனைகளை எல்லாம் ஒருசேர நிறைவேற்றும் வாக்கெடுப்பு முறையே கிடையாது என்று நிரூபித்தார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அவர் நினைத்தது தேர்தலை. வானொலியின் நேயர் விருப்பப் பட்டியலுக்கும் அது பொருந்தும்.

பாட்டைக் கேட்கும் வரிசைகூடச் சும்மா விடாது. பிரசெல்ஸில் நடக்கும் எலிசபெத் ராணி பியானோப் போட்டியில் யார் எந்த நாள் வாசிப்பது என்பதைக் குலுக்கல்தான் தீர்மானிக்கும். முடிவுகளைத் தொகுத்துப் பார்த்த பொருளியலாளர்கள், முதலில் வாசித்தவர்களுக்கு நல்ல இடம் கிடைக்கும் வாய்ப்பு குறைவு என்று கண்டார்கள். நடுவர்கள் உலகத் தேர்ச்சி பெற்றவர்கள். நம் கதியைச் சொல்லவே வேண்டாம்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் பட்டியல் போட ஆசை இருந்தால், செய்யும் முறை இது. இருபது பாட்டையும் துண்டுச் சீட்டில் எழுதிக் குலுக்குங்கள். இரண்டு சீட்டை எடுத்து, இரண்டில் எது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், ஏன் என்று கேட்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர் பட்டியலை முடியும்வரை பார்க்காதீர்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி செய்யுங்கள். இரண்டு முறையும் அசையாமல் நின்றவைதான் உங்கள் பட்டியல். மிச்சத்துக்கு எண் போடாமல் கூட்டமாக எழுதிவிடுங்கள், நேர்மையாக இருக்கும்.

என்னுடையதில் அசையாமல் நிற்பது 'வெள்ளி விழா' தாலாட்டு. பளிங்கு மாளிகை இரண்டாவது. லோரிக்கார அண்ணனுக்கு இதில் உடன்பாடில்லை, ஈப்போவில் பாதிப் பேருக்கும் இருக்காது. உங்கள் முதலிடத்தை எழுதி அனுப்புங்கள். பதினாலாவது இடத்தைப் பற்றி மட்டும் யாரும் வாதாட வர வேண்டாம்.